காலிக் கட்டம்

வட்டாரத்தில் ஆளுக்கொரு கட்டம் பிரித்துக் கொடுத்தபோது ஜிப் அக்காவின் பங்குக்கு வந்தது சாக்கடை.

சாக்கடை என்று சொன்னால், கட்டம் பிரித்துக் கொடுத்த பூஜ்யம் சாருக்குக் கோபம் வரும். "ஓடைன்னு சொல்லுங்கம்மா" என்பார். ஒரு காலத்தில் ஓடையாக இருந்ததாம். இருந்துவிட்டுப் போகட்டும். அக்கா முதல் மாடியில் இருந்தாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அது மூக்குக்குத் தெரிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் சிமெண்ட் கரை, நடுவில் கறுப்புத் தண்ணீர், குறுக்கே துருப்பிடித்த ஒரு குழாய், எதிர்க்கரையில் கொஞ்சம் கோரைப்புல். அக்காவின் ராஜ்ஜியம் இவ்வளவுதான்.

அந்தப் பேட்டையில் என்னென்ன பறவை, விலங்கு, பூச்சி பொட்டு வசிக்கின்றன என்று குடியிருப்பவர்களே பார்த்துப் பதிவு செய்வதாக ஒரு குழு கிளம்பியிருந்தது. வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அவரவர் வீட்டை ஒட்டிய கட்டத்தை அவரவருக்கே கொடுத்துவிட்டார்கள். தினமும் காலையில் பள்ளிக்கூட வேன் வருவதற்குள் கட்டத்தைப் பார்த்து, கண்டதைக் கைப்பேசியில் குரல்பதிவாகக் குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும். காக்காய், புறா, நாய், பூனை நான்கும் கணக்கில் கிடையாது. அவை எங்கேதான் இல்லை?

மருந்துக்கடைக்காரம்மாவுக்குக் கடைக்கு எதிரே நின்ற பெரிய மரம் கிடைத்தது. கிளியும் அணிலும் மைனாவுமாக அவள் தினமும் அடுக்குவாள். வெல்டிங் பட்டறைக்காரருக்குக் காலி மனை ஒன்று. அதில் ஒரு கீரிக் குடும்பமே இருந்தது. அது குட்டி போட்ட செய்தியை ஏதோ தன் வீட்டு விசேஷம் மாதிரி அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பூஜ்யம் சார் கல்லறைத் தோட்டத்தைத் தனக்கு வைத்துக்கொண்டார். ஆந்தை அங்கேதான் இருந்தது. ஆள் விவரமானவர்.

அக்காவின் கட்டத்தில் காக்காய் மட்டும் வரும்.

அக்காவுக்குச் சொந்தமாக வேறு பெயர் உண்டு. ஆஸ்பத்திரியில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் திரும்பிப் பார்ப்பாள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று. மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் கால் மடக்கி உட்காரும் அளவு இடம். அதில் ஒரு ஸ்டூல், ஒரு தையல் மெஷின், இடுக்கி, மெழுகுவத்தித் துண்டு, டப்பா நிறைய ரன்னர். ஜிப்பில் மேலும் கீழும் ஓடுகிற தலைக்குக் கடையில் பெயர் ரன்னர். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் பிள்ளையைப் படிக்க வைத்தாள். பள்ளிக்கூடப் பை, பயணப் பெட்டி, மழைக்கோட்டு, எல்லாம் அவள் கைக்கு வந்து வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போயின. பாதி வழியில் ஜிப் மக்கர் செய்து, செய்தித்தாளை முன்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்த ஆண்பிள்ளைகள் எத்தனையோ பேரை, முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே கரையேற்றி அனுப்பியிருக்கிறாள். யார் யார் என்று இன்றுவரை வாயைத் திறந்ததில்லை. தொழில் தர்மம்.

அவள் கணவர் பஸ் டிரைவர். ஒருநாள் வேலை முடிந்து வண்டியை டிப்போவில் நிறுத்தியவர், ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்திருந்தார். பாவம், அசந்து தூங்குகிறார் என்று எல்லோரும் ஓசைப்படாமல் பக்கத்தில் நடந்து போனார்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் ஒருவர் தொட்டு எழுப்பினார். அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதை, சொல்லியிருக்க வேண்டாம், பக்கத்தில் நின்ற பையன் கேட்டுவிட்டான். அப்போது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அன்றிலிருந்து வீட்டில் யார் அசையாமல் தூங்கினாலும் மூக்குக்கு அருகே விரலை வைத்துப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு வந்தது.

இப்போது அவன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான். உயரமான கட்டடத்தில் பதினோராவது மாடி. மருமகள் தங்கமான பெண். மாமியாருக்கென்று ஒரு அறையை ஒழித்து, புதுப் போர்வை விரித்து, காத்துக்கொண்டிருந்தார்கள். "அங்க வந்து நிம்மதியா உட்காருங்கம்மா" என்று அவன் சொல்லும்போதெல்லாம் அக்கா பேச்சை மாற்றுவாள். உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது? இங்கே படியிறங்கினால் நான்கு பேர் "அக்கா" என்பார்கள். அங்கே லிப்டில் இறங்கினால் லிப்டு மட்டும்தான் பேசும், அதுவும் எந்த மாடி என்று.

ஆனால் முழங்கால் கெட்டுவிட்டது. ஒருதடவை படியில் வழுக்கி உட்கார்ந்ததை எந்தப் புண்ணியவானோ மகன் காதில் போட்டுவிட்டார். "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். தூக்கிட்டுப் போயிருவேன்" என்று அவன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். அக்கா கடையைக் கீழேயிருந்து மேலே சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். வேலை மாடியேறி வந்தது. இன்னொரு தடவை விழக்கூடாது. விழுந்தால் இந்த வீடும் இந்த மனிதர்களும் போச்சு. அவளுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

பூஜ்யம் சார் அவளைப் பிடித்தது அந்த ஜன்னலில்தான். வானிலை நிலையத்தில் மழை அளந்து ஓய்வு பெற்றவர். மழைக்கோட்டு ஜிப்பைச் சரிசெய்ய வந்த இடத்தில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்; முகம் மலர்ந்துவிட்டது.

"ஏம்மா, இங்கேர்ந்து ஓடை முழுசாத் தெரியுதே! நாள் பூரா இங்கதானே உட்கார்ந்திருக்கீங்க?"

"வேற எங்க சார் போறது?"

அவ்வளவுதான், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். மறுநாளிலிருந்து சாக்கடை அவள் பொறுப்பு.

முதல் சில நாள் ஆசையோடு பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மற்றவர்கள் கிளி என்றும் கீரி என்றும் ஆந்தை என்றும் அளக்கும்போது, இவள் மட்டும் எதைச் சொல்வது? வெட்கமாக இருந்தது. ஒருநாள் பேசாமல் இருந்துவிட்டாள். வேன் போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கைத்தடியும் செருப்புமாகப் படியேறி வந்து நின்றார் மனிதர்.

"உங்க கட்டம் இன்னைக்குக் காலியா இருக்கு."

"ஒண்ணும் வரலை சார். என்னத்தைச் சொல்ல?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க."

"இல்லாததை எதுக்கு சார் சொல்லணும்?"

சார் வாசற்படியிலேயே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். "மழையே பெய்யாத நாள்லயும் நான் போய் மழைமானியை எட்டிப் பாத்து, பூஜ்யம்னு எழுதிட்டு வருவேன். எழுதாம விட்டேன்னு வைங்க. அன்னைக்கு மழை வரலையா, இல்ல அளக்கிற ஆள் வரலையா? பின்னாடி பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்? பூஜ்யம் வேற, காலி வேற. பூஜ்யம்னா ஒரு ஆள் பாத்திருக்கான். காலின்னா பாக்க ஆளே இல்ல."

"அப்படின்னா என் கட்டத்தை மாத்திக் குடுங்க. கிளி மரம் குடுங்க."

"உங்க கட்டம்தான் முக்கியம். கிளி மரத்துல கிளி வந்தா என்ன சேதி இருக்கு? இங்க ஒண்ணு வந்தாத்தான் சேதி."

சத்தம் கேட்டுப் பட்டறைக்காரரும் மருந்துக்கடைக்காரம்மாவும் கீழே கூடிவிட்டார்கள். இத்தனை பேர் முன்னால் ஒரு பெரிய மனுஷியைச் சின்னப் பிள்ளையை மிரட்டுவது மாதிரி மிரட்டியதில் அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருக்குப் பூஜ்யம் சார் என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான். வைத்தவள் அக்கா, பரப்பியது பட்டறைக்காரர். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் காதுக்கும் போயிருக்கும். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாரே தவிர வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வீம்புக்காகவே ஒருநாள் தவறாமல் அக்கா சொல்லி அனுப்பினாள். "ஓடைக் கட்டம். ஒண்ணும் இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டு, ரயில் நிலையத்தில் அறிவிப்பு கொடுப்பது மாதிரி. மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒண்ணும் இல்ல. வெயில் போய் மறுபடி மழை வந்தது. ஒண்ணும் இல்ல. அவளும் குழாயைப் பார்ப்பாள், கோரைப்புல்லைப் பார்ப்பாள், தண்ணீரைப் பார்ப்பாள். வீம்பு எப்போது பழக்கமாக மாறியது, பழக்கம் எப்போது ஆசையானது என்று அவளுக்கே தெரியவில்லை. கண் விழித்ததும் ஜன்னலுக்குப் போக வேண்டும்போல இருந்தது. அவள் சொன்னதும் மருந்துக்கடைக்காரம்மா, "சரிக்கா, நாளைக்கு வரும்" என்பாள். பட்டறைக்காரர், "என் கீரியில ஒண்ணை அனுப்பட்டுமாக்கா?" என்பார். சார் மட்டும் "பதிவாச்சு" என்று ஒரு வார்த்தை சொல்வார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து முத்து உதிராது.

ஒருநாள் காலை சமையலறைக் குழாயடியில் தண்ணீர் சொட்டி நின்றிருந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு டீக்குத் தண்ணீர் வைக்கத் திரும்பினாள், முழங்கால் மடங்கியது. விழுந்த சத்தத்தை அவளே யாரோ விழுந்த சத்தம் மாதிரி கேட்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே இடது கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. வலி உச்சந்தலை வரை போனது.

கைப்பேசி ஜன்னல் திண்டில் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது; கைக்கு எட்டவில்லை. கத்தினாள். மேல்மாடியில் கதவு சாத்தியிருந்தது. கீழே பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட வேன் வந்து நின்று, ஹாரன் அடித்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. படியில் யாரோ இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. மறுபடி கத்தினாள். செருப்புச் சத்தம் தேய்ந்துபோயிற்று. திண்டில் கைப்பேசி மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

அப்போதுதான் அவளுக்குக் கணவர் ஞாபகம் வந்தது. அவரும் இப்படித்தான், பக்கத்தில் ஆட்கள் நடந்து போவதைக் கேட்டுக்கொண்டே இருந்திருப்பாரோ? இத்தனை வருஷத்தில் இந்த ஒன்றை மட்டும் அவள் நினைத்ததே இல்லை. அழுகை வந்தது. அழுதாலும் வலித்தது.

மூக்கில் வியர்த்தது போலப் படியில் கைத்தடிச் சத்தம் வந்தது. கூடவே குரலும் வந்தது, ஆள் வந்து சேர்வதற்கு ஒரு மாடி முன்னதாகவே.

"எத்தனை தடவை சொல்றது ஒரு மனுஷன்! ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுக்கு என்ன, வாயா வலிக்குது? காலியா விட்டா நான் என்னன்னு எடுத்துக்கிறது? போன் பண்ணா எடுக்கவும் மாட்டேங்கிறீங்க..."

அவ்வளவு இனிமையான திட்டை அக்கா தன் ஆயுளில் கேட்டதில்லை.

"சார்! விழுந்துட்டேன் சார்!"

குரல் சட்டென்று நின்றது. கதவைத் தள்ளிப் பார்க்கிற சத்தம். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பிறகு அவர் பேசினார். அவர் குரல் அப்படி நடுங்கி அவள் கேட்டதே இல்லை.

"அசையாதீங்கம்மா. ஆள் கூப்பிடறேன். பேசிக்கிட்டே இருங்க, நிறுத்தக் கூடாது."

"என்னத்தை சார் பேச?"

"எதையாவது. என்னைத் திட்டுங்க."

அதற்கு அக்கா யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கட்டம் கொடுத்த நாளிலிருந்து ஆரம்பித்தாள்.

பட்டறைக்காரர் ஓடைக்கரையில் ஏணி வைத்து ஏறி, ஜன்னல் கம்பியை அறுத்து உள்ளே குதித்தார். தாழ்ப்பாளைத் திறந்ததும் மருந்துக்கடைக்காரம்மா ஓடி வந்து அக்காவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பூஜ்யம் சார் உள்ளே வந்து, அடுப்பில் ஏதாவது எரிகிறதா என்று பார்த்தார், குழாயைப் பார்த்தார், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கடைசியில் அவளுக்கு விசிறினார். எதை வைத்து விசிறினார் என்றால், புது ஜிப் சுற்றி வந்த அட்டையை வைத்து.

தொடை எலும்பு முறிந்திருந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். வேளையோடு கொண்டு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். மயக்கம் தெளிந்த மறுநாள், பட்டறைக்காரர் கட்டிலருகே வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"அக்கா, ஒரு விஷயம். கோச்சுக்கக் கூடாது. நான் ஏணியில நின்னு கம்பி அறுக்கறப்போ, ஓடைக்குக் குறுக்கால போற குழாய் மேல ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்துச்சு. நீலமா, இத்தனூண்டு. வாயில மீன் வேற."

அக்கா தலையணையை விட்டு எழப் பார்த்தாள்.

"பாவி. இத்தனை நாள் நான் கண்ணு பூத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். நான் தரையில கிடக்கறப்பவா அதுக்கு வரத் தோணிச்சு?"

"சார் எழுதிட்டாருக்கா. ஓடைக் கட்டம், மீன்கொத்தி ஒண்ணு. பாத்த ஆள்னு என் பேரைப் போட்டிருக்காரு."

இதைக் கேட்டதும் காலை விட மனசு அதிகமாக வலித்ததாக அவள் பிற்பாடு சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மகன் வந்தான். வீட்டுக்குக் கூட்டி வந்து, கட்டிலில் படுக்க வைத்துத் தலையணையைச் சரிசெய்த பிறகு பெரிய பெட்டி ஒன்றைத் திறந்து தரையில் போட்டான்.

"போதும்மா. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நாளன்னைக்குக் கார்லயே கூட்டிட்டுப் போகலாம்னுட்டாரு."

"இப்பத்தான் எல்லாரும் வந்து பாத்தாங்களேடா. உடனே வந்து தூக்கினாங்களே."

"அது அதிர்ஷ்டம்மா! அந்த சார் அன்னைக்கு ஏதோ வேலையா இந்தப் பக்கம் வந்ததால ஆச்சு. தினமும் அதிர்ஷ்டம் வருமா? அப்பாவுக்கு வந்துச்சா?"

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள்; ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற அதே பள்ளிக்கூடப் பையனின் முகம். இதற்கு மேல் இவனைப் பயமுறுத்தக் கூடாது என்று தோன்றியது. அவன் சொல்வதும் சரிதான். திட்ட வந்தவர் தற்செயலாகப் பார்த்தார், அவ்வளவுதானே. "சரிப்பா, வரேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் துணிகளை அடுக்கினான். இருபது வருஷத்து வீடு ஒரு பெட்டிக்குள் அடங்க மறுத்தது. அழுத்தி மூடினான், ஜிப் பாதி வழியில் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. இழுத்தான். ரன்னர் கையோடு வந்துவிட்டது.

அக்காவால் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை. "கொண்டாடா இங்க. அந்த இடுக்கி, அந்த டப்பா." படுத்தவாக்கில், பெட்டியின் ஓரத்தை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, வேறு ரன்னரை மாட்டி, இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்தி, மெழுகைத் தேய்த்து, சர்ரென்று இழுத்துக் காட்டினாள். தன்னை ஊர் மாற்றப் போகிற பெட்டியைத் தானே சீர்செய்து கொடுத்த பெண்பிள்ளை உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வேலை சுத்தமாக வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் அவன் டீ போட்டுக்கொண்டிருந்தான். அக்கா கட்டிலிலிருந்து கூப்பிட்டாள்.

"டேய், ஜன்னல் வழியா ஓடையை ஒரு பார்வை பாத்துட்டு என்ன இருக்குன்னு சொல்லு. நேத்துத்தான் வந்துட்டேன்னு சாருக்குச் சொன்னேன். இன்னைக்கிலேர்ந்து மறுபடி நான்தான் சொல்லணும்."

"நாளைக்குக் கிளம்பறோம். இன்னும் எதுக்கும்மா இது?"

"கிளம்பறவரைக்கும் அது என் கட்டம்."

அவன் சலித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். குழாய், தண்ணீர், கோரைப்புல். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"ஒண்ணும் இல்லம்மா."

"அதையே என் போன்ல சொல்லி அனுப்பு."

சரி என்றவன் முதலில் டீயை வடிகட்டினான். பிறகு அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தான். பிறகு மருமகள் கூப்பிட்டாள், அவளோடு பேசினான். அம்மாவின் கைப்பேசி எங்கோ தலையணைக்கு அடியில் ஓசையை அடைத்துக்கொண்டு கிடந்தது. வேன் வந்தது, போனது. அக்கா மாத்திரையின் அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள்.

கதவு இடிபட்டது. தட்டவில்லை, இடிபட்டது.

மகன் ஓடிப்போய்த் திறந்தான். பூஜ்யம் சார் நின்றார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஒரு காலில் அவர் செருப்பு. இன்னொரு காலில் வேறு யாருடையதோ. சட்டையை உள்வெளியாகப் போட்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், பாதி கழற்றிய வெல்டிங் கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்க, பட்டறைக்காரர். கையில் கம்பி அறுக்கிற மெஷின். அதற்கும் பின்னால் முதலுதவிப் பெட்டியோடு மருந்துக்கடைக்காரம்மா. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு வந்திருந்தாள்.

சார் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கட்டிலில் அக்கா கண் விழித்துப் பார்ப்பதைப் பார்த்தார். அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் உயிர் வந்தது. அதன் பிறகுதான் கோபம் வந்தது.

"கட்டம் காலியா இருக்கு!"

"இருங்க சார், நான்தான்..." என்றான் மகன். "ஒண்ணும் இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க. மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா? அங்க மூணு பேருக்கு உசிரு போய் உசிரு வந்துச்சு!"

மகன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். கம்பி அறுக்கிற மெஷினைப் பார்த்தான். மாறிப்போன செருப்பைப் பார்த்தான்.

"அன்னைக்கும் இப்படித்தான் வந்தீங்களா, சார்? வேற வேலையா வரலையா?"

"எனக்கு இங்க வேற என்ன வேலை? அன்னைக்குத் திட்ட வந்தேன். இன்னைக்கும் திட்டத்தான் வந்திருக்கேன். காலியா விட்டா தினமும் வருவேன்."

அவ்வளவுதான். பதினோராவது மாடியில் குடியிருக்கிற, அலுவலகத்தில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற அந்த ஆள், சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"எங்கப்பாவுக்கு இப்படி ஒருத்தர் இருந்திருந்தா..." என்றான்.

மருந்துக்கடைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூஜ்யம் சார்தான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாகக் குனிந்து, அவன் தோளைத் தட்டினார்.

"எந்திரிங்க தம்பி. முதல்ல இன்னைக்குப் பதிவைச் சொல்லுங்க."

மகன் எழுந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தலையணைக்கு அடியிலிருந்து கைப்பேசியை எடுத்தான். "ஓடைக் கட்டம். ஒண்ணும் இல்ல" என்றான். எதிரிலேயே நின்ற சார், தன் கைப்பேசியை எடுத்து, "பதிவாச்சு" என்று பதில் அனுப்பினார். முறை என்றால் முறை.

அவன் விடுப்பை நீட்டித்தான். பட்டறைக்காரர் குளியலறையிலும் சமையலறையிலும் கைப்பிடிக் கம்பி பற்றவைத்துக் கொடுத்தார். சொட்டிய குழாயையும் மாற்றினார். பகலில் துணைக்கு ஒரு பெண்ணை மருந்துக்கடைக்காரம்மா ஏற்பாடு செய்தாள். வாசல் சாவியில் ஒன்று கீழே மருந்துக்கடை ஆணியில் தொங்கியது. தாழ்ப்பாள் போடுவதில்லை என்று அக்கா சத்தியம் செய்தாள். அக்கா கைத்தடியோடு ஜன்னல் வரை நடக்க ஆரம்பித்த பிறகுதான் மகன் கிளம்பினான். பெட்டியில் இருந்த துணியெல்லாம் அலமாரிக்குத் திரும்பியிருந்தது. காலிப் பெட்டியை மூடும்போது ஜிப் வெண்ணெயாக ஓடியது.

போகிற அன்று அவன் பூஜ்யம் சார் வீட்டுக்குப் போனான்.

"சார், எனக்கும் ஒரு கட்டம் குடுங்க."

"உங்க ஊர் என் வரைபடத்துலயே இல்லையே தம்பி. இது இந்த வட்டாரத்துக்கு மட்டும்."

"பால்கனி இருக்கு சார். தினமும் பாத்துச் சொல்றேன்."

விதிக்குப் புறம்பானது என்று சார் முதலில் ஒரேயடியாக மறுத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்கேலை எடுத்து, வரைபடத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே, ஓர ஒதுக்கில், ஓடைக் கட்டத்துக்கு நேராக ஒரு சின்னக் கட்டம் போட்டார். வாழ்நாளில் அவர் மீறிய ஒரே விதி அதுவாகத்தான் இருக்கும்.

முன்பெல்லாம் மகனிடமிருந்து போன் வருவது நினைத்தால் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வரும், வேலை இருந்தால் அதுவும் வராது. இப்போது தினமும் காலையில், அக்கா ஜன்னலில் உட்கார்ந்திருக்கும்போதே, குழுவில் அவன் குரல் கேட்கிறது. பின்னால் குக்கர் சத்தமும் மருமகள் சிரிப்பும் கேட்கின்றன. "பதினோராவது மாடிக் கட்டம். ஒண்ணும் இல்ல." அக்கா அதை ஒருதடவைக்கு இரண்டு தடவை போட்டுக் கேட்பாள். சார் "பதிவாச்சு" சொல்லும்வரை தன்னுடையதைச் சொல்லாமல் காத்திருப்பாள்.

மீன்கொத்தி அவள் கண்ணில் இன்னும் படவில்லை. அதைப்பற்றி அவளுக்கு இப்போது பெரிய வருத்தமும் இல்லை. நன்றி சொல்ல வேண்டும் என்று ஒருநாள் சாரிடம் ஆரம்பித்தாள். "அதெல்லாம் எதுக்கும்மா, வேலையைப் பாருங்க" என்று அவர் பாதியிலேயே எழுந்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து அவர் மழைக்கோட்டுக்கும் பைக்கும் குடை உறைக்கும் எந்த ஜிப் போனாலும், போகாத ஜிப்பையும் சேர்த்து, அக்காவிடம் கொண்டுவந்து கொடுக்கிறார்.

போன வாரம் ஒருநாள் வேன் வந்து போய்விட்டது. பதினோராவது மாடியிலிருந்து சத்தமே இல்லை. அக்கா கைப்பேசியைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மகனின் எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே போனது. கடைசியில் எடுத்தான், தூக்கக் கலக்கத்தில்.

"அம்மா? என்னம்மா, என்ன ஆச்சு?"

உடம்பிலிருந்த பயமெல்லாம் இறங்கியது. இறங்கிய இடத்தில் கோபம் ஏறியது. அக்காவுக்கே தெரியாமல் அவள் குரல் படியேறி வருகிற ஒரு கிழவரின் குரலாக மாறியிருந்தது.

"கட்டம் காலியா இருக்குடா! ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுக்கு என்ன, வாயா வலிக்குது?"

அந்தப் பக்கம் ஒரு கொட்டாவி பாதியில் நின்றது. பிறகு அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து பால்கனிக் கதவைத் திறக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

"இரும்மா, பாத்துச் சொல்றேன்" என்றான். அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.